பவுடர் தகரமும் கிளினிக் கொப்பியும்

(தலைமன்னாரில் நடந்த அங்கத்தவர் குடும்பக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. சற்றுச் சுருக்கித் தருகிறோம்.)



சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதில் எதைப் பேசலாம் என்று மாதர் அணியைக் கேட்டேன். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “அந்தப் பவுடரைப் பற்றிச் சொல்லுங்கள் அக்கா.” லண்டனில் இருக்கும் மச்சாள் அனுப்பிய பவுடர், கொழும்பில் ஆள் சேர்த்து விற்கும் பவுடர், போனில் வீடியோவாக வரும் பவுடர் என்று பல வகை. சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் கரைத்துக் குடித்தால் உடம்பு குறையுமாம், சீனி வருத்தம் மாறுமாம், குளிசையை விட்டுவிடலாமாம். உண்மையா என்று கேட்கிறார்கள்.

அதில் உண்மை இருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு நானும் உங்களோடு கடலைப் பார்க்கப் போயிருப்பேன். எந்த அளவு உண்மை, யாருக்கு உண்மை, எந்த நிபந்தனையோடு உண்மை என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இந்தக் கதை தொடங்கியது இங்கிலாந்தில். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ரொய் டெய்லர் என்று ஒரு பேராசிரியர். 2011இல் அவருடைய குழு இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேரை எட்டு வாரம் நாளுக்கு 600 கலோரியில் வைத்துப் பார்த்தது. ஒரு வாரத்துக்குள்ளேயே காலைச் சீனி சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. ஈரலில் தேங்கியிருந்த கொழுப்பு மளமளவென்று இறங்கியது. கணையத்தில் இருந்த கொழுப்பு மெதுவாக இறங்க, இன்சுலின் சுரப்பது திரும்பத் தொடங்கியது. அதுவரை சீனி வருத்தம் வந்தால் ஒரே வழிப் பாதை, நாளுக்கு நாள் கூடிக்கொண்டுதான் போகும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தாதியர் கல்லூரியில் எனக்குப் படிப்பித்ததும் அப்படித்தான்.

அதன் பிறகு டெய்லரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் சேர்ந்து பெரிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். அதற்கு டைரெக்ட் என்று பெயர். முடிவு 2017 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஏறத்தாழ 300 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பாதிக்கு மூன்று முதல் ஐந்து மாதம் சோறு, பாண், உருளைக்கிழங்கு எதுவும் இல்லை. கரைத்துக் குடிக்கும் பானமும் சூப்பும் மட்டும், நாளுக்கு 825 முதல் 853 கலோரி. அதன் பிறகு சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு வருட முடிவில் பவுடர் குடித்தவர்களில் 46 சதவீதமானோருக்கு மருந்தில்லாமலே சீனி கட்டுக்குள் இருந்தது. மற்றப் பக்கத்தில் 4 சதவீதம்தான்.

இந்த 46ஐத்தான் உங்கள் போனில் காட்டுகிறார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களில் 86 சதவீதமானோருக்கு நோய் அடங்கியது. 10 முதல் 15 கிலோ குறைந்தவர்களில் 57 சதவீதம். 5 முதல் 10 கிலோ என்றால் மூன்றில் ஒருவர். 5 கிலோவுக்குக் குறைவு என்றால் நூற்றுக்கு ஏழு பேர். எடை கூடியவர்களில் ஒருவருக்கும் இல்லை. வேலை செய்தது இறங்கிய கிலோதான். பவுடர், கலோரியை எண்ணிக் கொடுக்கிற ஓர் அளவுக்கரண்டி, அவ்வளவுதான். சோற்றை எவ்வளவு போட்டோம் என்று எங்களில் யாரும் எண்ணுவதில்லை. தகரத்தில் கரண்டி எண்ணி வருகிறது. அதுதான் அதன் சூட்சுமம். உள்ளே இருப்பது பால் புரதம், மாச்சத்து, கொஞ்சம் எண்ணெய், விற்றமின், உப்புச் சத்து. மூலிகையும் இல்லை, மந்திரமும் இல்லை.

“மாறும்” என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். வைத்தியர்கள் அதை நோய் அடங்குவது என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருடத்தில் 46 சதவீதம் 36 ஆக இறங்கியது. ஐந்து வருடம் வரை தொடர்ந்து பார்த்தவர்களில் 13 சதவீதமானோர்தான் அந்த நிலையில் இருந்தார்கள். எடை திரும்பி ஏறினால் சீனியும் திரும்பி வரும். அதனால் நோய் அடங்கினவரும் கிளினிக்கை விடக்கூடாது. கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் வருடத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இது சரிவருமா என்று கேட்பீர்கள். ஸ்கொட்லாந்தில் குடியிருக்கும் தெற்காசியர் 25 பேரிடம் இதையே சின்ன அளவில் செய்து பார்த்தார்கள். ஏறத்தாழப் பத்தில் நாலு பேருக்குப் பலன் கிடைத்தது. 2020இலிருந்து இங்கிலாந்தின் அரச சுகாதாரச் சேவை இதை ஒரு திட்டமாகவே நடத்துகிறது. லண்டனில் உங்கள் மச்சாள் சேர்ந்தது அநேகமாக அதில்தான். அங்கே இஷ்டப்பட்டவர் எல்லோரும் சேர முடியாது. வயது 18க்கும் 65க்கும் இடையில் இருக்க வேண்டும். நோய் கண்டு ஆறு வருடத்துக்குள் இருக்க வேண்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர் சேர முடியாது. எங்களைப் போன்ற ஆசியர் என்றால் உடற்திணிவுச் சுட்டி 25க்குக் கீழே இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அது 58 கிலோ அளவில் வரும்.

மச்சாள் தகரத்தைத்தான் அனுப்பினாள். தகரத்தோடு வந்த ஆட்களை அனுப்ப முடியவில்லை. அங்கே முதல் நாளே வைத்தியர் மருந்துச் சீட்டைத் திருத்துகிறார். சீனிக் குளிசைகளில் எதை நிற்பாட்டுவது, பிரஷர் குளிசையில் எதைக் குறைப்பது என்று எழுதிக் கொடுக்கிறார். பிறகு நாட்கணக்காகச் சீனியும் பிரஷரும் பார்க்கிறார்கள். பேசுவதற்கு ஒரு ஆள், எடை பார்க்க ஒரு ஆள். பவுடர் இலவசம். டைரெக்ட் சோதனையிலும் பவுடரைக் கம்பனி இலவசமாகவே கொடுத்தது. இவ்வளவையும் கழற்றிவிட்டுத் தகரத்தை மட்டும் பார்சலில் போட்டால் அது வேறு பொருள்.

ஒரு ஐயாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். தென்னந்தோட்டத்தில் வேலை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காலையும் இரவும் பானம், பகலில் ஒன்றுமில்லை என்று தானாகவே தொடங்கியிருக்கிறார். கிளிக்லசைட் குளிசையை மட்டும் வழக்கம்போலக் காலையில் இரண்டு போட்டிருக்கிறார், “மருந்தை விடக்கூடாது என்றுதானே தாதி சொன்னா” என்று. பதினொரு மணிக்கு மரத்தடியில் வியர்த்துக் கொட்டிக் கிடந்தவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்தார்கள். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று முதலில் நினைத்து, அரை மணி நேரம் அப்படியே விட்டிருக்கிறார்கள். இரத்தத்தில் சீனி 38. குளுக்கோஸ் ஏற்றி எழுப்பினோம். அன்றைக்கு அவர் மரத்தில் ஏறியிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

கவனமாகக் கேளுங்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், தோல்பியூட்டமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் சீனியைக் கீழே தள்ளும். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டு அதே அளவு மருந்தை எடுத்தால் மயக்கம் வரும், வலிப்பும் வரலாம். மெட்போமின் மட்டும் எடுக்கிறவருக்கு அந்த ஆபத்து குறைவு. இப்போது புதிதாக எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் என்று குளிசைகள் வருகின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், சீனி அதிகம் ஏறாமலே இரத்தத்தில் அமிலம் ஏறி ஆளைச் சாய்க்கும். பிரஷர் குளிசையும் அப்படித்தான், எடை இறங்க இறங்க அந்த அளவு கூடிப்போய், எழும்பும்போது தலை சுற்றி விழுத்தும். இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லாக் குளிசையையும் நிற்பாட்டாதீர்கள். அது அடுத்த ஆபத்து. எதை விடுவது, எதை வைப்பது என்பது கிளினிக் கொப்பியில் வைத்தியர் கையால் எழுதப்பட வேண்டும்.

கை நடுங்கி, வியர்த்து, திடீரென்று பசித்து, பேச்சுக் குழறினால் சீனி இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு கொஞ்சம் சோறோ பாணோ. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சரித்துப் படுக்க வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். பிரட்டுக் களத்திலும் மீன் வாடியிலும் இதைத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சின்ன வயதிலேயே நோய் வந்து இன்சுலினில் வாழும் முதலாம் வகைக்காரர், சிறுநீரகம் பழுதானவர், சாப்பாட்டைப் பார்த்தாலே பயப்படும் அளவுக்கு மனம் நொந்தவர், இவர்கள் யாருக்கும் இந்த முறை இல்லை. பித்தக்கல், ஊதக்கட்டு, கண்ணின் பின்புறத்தில் நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், எடை வேகமாக இறங்கினால் இவை கூடலாம். எழுபதைத் தாண்டியவருக்குக் கொழுப்போடு சதையும் கரைந்துபோகும், பிறகு எழும்பி நடக்க மாட்டார்.

இனி எங்கள் உடம்பைப் பற்றி. டைரெக்ட் சோதனையில் சேர்ந்தவர்களின் சராசரி எடை 100 கிலோ. அவர்களுக்கு 15 கிலோ என்றால் உடம்பில் ஏழில் ஒரு பங்கு. இங்கே முன் வரிசையில் இருக்கிற அக்காமாரைப் பார்க்கிறேன், 60 கிலோ இருப்பார்களா? 60 கிலோக்காரி வீடியோவைப் பார்த்து 15 கிலோ குறைத்தால் கால்வாசி உடம்பு போய்விடும். அதே பங்கின்படி பார்த்தால் அவருக்கு 9 கிலோவே போதும். “15 கிலோ” என்ற எண்ணை அப்படியே தூக்கி வந்து எங்கள் தலையில் வைக்கிறவர் கணக்குத் தெரியாதவர், இல்லாவிட்டால் தகரம் விற்கிறவர்.

ஆனால் எங்களில் பலர் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கிறது. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்றிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினால் எங்கள் இனத்துக்கு அது கூடுதல்தான். டெய்லரின் குழு பிறகு அவ்வளவு பருமன் இல்லாத 20 பேரிடமும் பார்த்தது. உடம்பில் பத்தில் ஒரு பங்கு அளவு குறைந்தபோது 14 பேருக்கு நோய் அடங்கியது. ஆகவே எடை குறைப்பது குண்டானவருக்கு மட்டும் உரியது அல்ல. ஆனால் ஐந்தடி உயரத்தில் 43 கிலோவுக்குக் கீழே இருக்கிற பெண்ணுக்குச் சீனி வருத்தம் என்றால் அங்கே குறைக்க ஒன்றுமில்லை. அவருக்குச் சாப்பாடும் மருந்தும்தான் வேண்டும். எடை தானாகவே இறங்கிக்கொண்டு போனால் அது சந்தோஷப்படுகிற விஷயம் இல்லை, இன்சுலின் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம்.

இந்த உடம்பு எங்களுக்கு எப்படி வந்தது? நாம் கூடியிருக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். இந்தக் கரையில்தான் எங்கள் பாட்டன் பூட்டன் வந்து இறங்கினார்கள். முதலில் வள்ளங்களில். 1914இலிருந்து 1964 புயல் வரைக்கும் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பலில். ஆரம்ப காலத்தில் இறங்கியவர்கள் இங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியெல்லாம் விழுந்தார்கள். 2023இல் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் புறப்பட்டது அவர்களை நினைத்துத்தான். தோட்டத்தில் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு அரிசியின் இடத்துக்குக் கோதுமை மா வந்தது. மூன்று வேளையும் ரொட்டி. 1973, 74இல் அரிசியும் மாவும் சுருங்கியபோது தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள், இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அது கேள்விப்பட்ட கதை இல்லை. ஒரு சாப்பாட்டை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுப்பது எங்களுக்குப் புதிதா என்ன?

வயிற்றில் இருக்கும்போதே போதிய போசாக்கு கிடைக்காத பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. இருக்கிறதை வைத்துப் பிழைக்க அதன் உடம்பு பழகிவிடுகிறது, சதை குறைவு, கொழுப்பு கூட. புனேயில் வைத்தியர் யாஜ்னிக் இப்படிப்பட்ட குழந்தைகளை வருடக் கணக்காக ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதில் வெள்ளை மாவும் சீனித் தேத்தண்ணியும் தாராளமாகக் கிடைத்தால் சீனி வருத்தம் சீக்கிரம் வரும். 2016 ஆய்வில் நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதம். 2018–19 ஆய்வில் இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதமானோருக்கு நீரிழிவு. இந்த இரண்டு எண்ணையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை.

வேலையையும் பாருங்கள். டைரெக்ட் சோதனையில் பானம் மட்டும் குடித்த மாதங்களில் உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லவில்லை. 850 கலோரியை வைத்துக்கொண்டு மலைச்சரிவில் கூடையோடு எட்டு மணி நேரம் நிற்க முடியாது. இந்த வெயிலில் கரைவலை இழுக்கவும் முடியாது. கட்டாயம் செய்வதென்றால் இலேசான வேலை வேண்டும், லீவு வேண்டும். இங்கே வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது.

காசைப் பார்ப்போம். ஒரு தகரம் 9,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் 14 தடவை குடிக்கலாம். நாளுக்கு நாலு தடவை, 12 வாரம், ஆக 336 தடவை. 24 தகரம், 216,000 ரூபா. 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்துப் பாருங்கள், 160 நாள் கூலி. நகையை அடகு வைத்து முதல் மூன்று தகரம் வாங்குவீர்கள். நாலாவதுக்குக் காசு இராது. அதற்குள் நாலு கிலோ இறங்கியிருக்கும், அடுத்த தீபாவளிக்குள் அது திரும்பி வந்துவிடும். “நீங்களும் நாலு பேரைச் சேர்த்தால் உங்களுக்கு இலவசம்” என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் சீனி வருத்தத்தை விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கிற திரிபோஷவும் பவுடர்தானே, அதைக் கரைத்துக் குடித்தால் என்ன என்று ஒரு அம்மா கேட்டார். திரிபோஷ எடை கூட்டக் கொடுக்கிற மா. அதைக் குடித்து எடை குறைக்க நினைப்பது மேற்கே தலைமன்னாருக்குப் போகக் கிழக்கே திருகோணமலை பஸ்ஸில் ஏறின மாதிரி. அத்தோடு அது உங்கள் பேரப்பிள்ளையின் பங்கு.

அப்படியானால் பவுடர் இல்லாமல் என்ன செய்வது? அந்தச் சோதனையின் கணக்கை எங்கள் அடுப்படிக்குக் கொண்டு வருவோம். 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 350 கலோரி. தேங்காய்ப்பூ சேர்க்காமலே இரண்டு பெரிய ரொட்டி 700 வந்துவிடும். லண்டன்காரர் ஒரு முழு நாளைக்குக் குடிப்பதற்குக் கிட்ட வந்துவிட்டோம், இன்னும் காலைச் சாப்பாடுதான் முடிந்திருக்கிறது. தேத்தண்ணி நாளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு மூன்று கரண்டி சீனி என்றால் 15 கரண்டி. அது மட்டும் 240 முதல் 300 கலோரி. பசியும் அடங்காது. சீனியில்லாத தேத்தண்ணி முதல் வாரம் கஷாயம் மாதிரித்தான் இருக்கும், மூன்றாவது வாரம் நாக்கு பழகிவிடும். இரண்டு ரொட்டியை ஒன்றாக்கி, அந்த இடத்தை ஒரு முட்டையாலும் கீரையாலும் நிரப்பி, தேத்தண்ணிச் சீனியை நிற்பாட்டினால் நாளுக்கு 500 கலோரி அளவில் குறையும். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ இறங்கும். ஆறு மாதத்தில் 9 கிலோ, எங்கள் 60 கிலோ அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். மெதுவாக இறங்குவதால் வேலைக்கும் போகலாம். மருந்தை அதற்கேற்பக் குறைக்க வைத்தியருக்கும் நேரம் கிடைக்கும். அதைத் தொடங்கும்போதும் கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், முக்கியமாக நான் பெயர் சொன்ன குளிசைகளும் ஊசியும் எடுக்கிறவர்கள்.

மன்னாரில் இருக்கிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், மீன். சூடையும் கீரியும் நெத்தலியும் விலை மலிவு, புரதம் தாராளம். எடை குறையும்போது சதை கரையாமல் இருக்க அது வேண்டும். பொரிக்காமல் தீயலாகவோ சொதியாகவோ வையுங்கள். மலையில் இருக்கிறவர்களுக்குக் கருவாடுதான் கிடைக்கும். பிரஷர் இருந்தால் உப்பைக் கழுவி ஊற வைத்துக் கொஞ்சமாகச் சேருங்கள், பருப்பும் கடலையும் பயறும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒடியற் கூழ் நல்ல சாப்பாடு. மீனும் பயற்றங்காயும் கீரையும் நிறையப் போட்டு ஒடியல் மாவைக் குறைத்துக் காய்ச்சினால் ஒரு கோப்பை வயிற்றை நிரப்பும். ஆனால் ஒடியல் மாவும் மாச்சத்துத்தான், “பனையில் இருந்து வந்தது, சீனி ஏறாது” என்று மூன்று கோப்பை குடிக்காதீர்கள். பனங்கட்டியும் அப்படியே. சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அது சீனியின் சொந்தக்காரன்தான். சிவப்பரிசிச் சோறு நல்லது, ஆனால் மலை மாதிரிக் குவித்தால் அதுவும் வெள்ளைச் சோறுதான்.

வீட்டுச் சாப்பாட்டை மாற்றிப் பெரிய பலன் வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சென்னையைச் சொல்கிறேன். வைத்தியர் அம்பாடி ராமச்சந்திரனின் குழு, சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் பார்த்தது. முடிவு 2006இல் வந்தது. தொடர்ந்த ஆலோசனை இல்லாமல் விட்டவர்களில் 55 சதவீதமானோருக்கு நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் பற்றித் தொடர்ந்து ஆலோசனை கொடுத்தவர்களில் 39 சதவீதம். அவர்களுக்கு எடைகூடப் பெரிதாக இறங்கவில்லை. அங்கே பவுடர் இல்லை. திரும்பத் திரும்ப வந்து கேட்கிற ஒரு ஆள் இருந்தார். உங்கள் வீட்டில் இன்னும் நோய் வராத மகனுக்கும் மருமகளுக்கும் இந்தக் கணக்குத்தான் பொருந்தும்.

எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவுப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்கள் ரமழான் நோன்புக்கு முன்பே கிளினிக்குக்கு வருவார்கள். காலைக் குளிசை சஹருக்கா இப்தாருக்கா, இன்சுலின் எத்தனை அலகு என்று எழுதி வாங்கிப் போவார்கள். நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சிலருக்குச் சொல்வதும் உண்டு. சாப்பாட்டை மாற்றுமுன் மருந்தை மாற்றும் இந்த ஒழுங்கு இந்தக் கரையில் ஏற்கனவே இருக்கிறது. தவக்காலத்தில் ஒரு சந்தி இருக்கிறவர்களும், விரதம் இருக்கிற எங்கள் ஆட்களும் அதைப் பார்த்துப் பழகலாம்.

சங்கத்திடம் எனக்குச் சில வேண்டுகோள்கள். கிளினிக் நாளுக்குப் பேர் போட வேண்டும். ஒரு நாள் கூலி போகும் என்று மூன்று மாதம் கிளினிக் போகாமல், பிறகு காலை வெட்டக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு நல்ல ஆள் தராசும் ஒரு சீனி பார்க்கும் மெசினும் அதற்கு வேண்டிய பட்டிகளும் வேண்டும். கொழுந்தை நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கிறார்கள், பறிக்கிறவளை வருடத்துக்கு ஒரு தடவையாவது நிறுக்கக் கேட்பது பெரிய காரியமா? எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சீனிப் பரிசோதனை அரசாங்கக் கிளினிக்கில் தவறாமல் கிடைக்க வேண்டும், வெளியே காசு கொடுத்து எடுக்கச் சொல்லக் கூடாது. 35 வயதைத் தாண்டிய எல்லோரும் அரசாங்க வைத்தியசாலையில் இருக்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்குப் போகலாம். எடை, இடுப்பு, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அது தோட்டத்துக்கு நடமாடும் சேவையாக வரவேண்டும் என்று பேசுங்கள். போசாக்கு ஆலோசகர் தமிழில் பேசுகிறவராக இருக்க வேண்டும். “வாழைப்பழம் சாப்பிடாதே” என்பதற்கு மேல் எங்களுக்கும் யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா.

பின் வரிசையில் ஒரு தங்கச்சி கை தூக்குகிறா. சத்தமாகக் கேளுங்கள்... தகரத்தை ஏற்கனவே வாங்கிவிட்டாவாம், மெட்போமின் மட்டும்தான் எடுக்கிறாவாம், எறிவதா என்று கேட்கிறா. எறிய வேண்டாம் தங்கச்சி, காசு கொடுத்தது. பின்பக்கத்தில் திகதியைப் பாருங்கள், ஒரு தடவைக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் சீனி, எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் மகளிடம் கொடுத்துப் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தையும் கிளினிக் கொப்பியையும் அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் பதிலாக ஒரு தடவை குடியுங்கள், மற்ற இரண்டு வேளையும் அளவாகச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு மேலதிகமாகக் குடிக்காதீர்கள், அப்படிக் குடித்து எடை கூடி வந்தவர்களும் இருக்கிறார்கள். தகரம் முடிந்ததும் இன்னொன்று வாங்க வேண்டாம்.

கூட்டம் முடிந்த பிறகு பின்பக்க மேசையில் தராசும் அளவுநாடாவும் இருக்கும். கொப்பி கொண்டு வந்தவர்கள் முதலில் வாருங்கள், குளிசைகளின் பெயரை ஒருவர் ஒருவராகப் பார்த்துச் சொல்கிறேன். மலைக்குப் போகிற பஸ் மூன்று மணிக்குத்தான் புறப்படுகிறது.